வெள்ள வரைபடத்தில் சேற்றையும் சேருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பவானிசாகர் அணை நிலவரம் உங்கள் பத்திரிகையில் தவறாமல் வருகிறது. நீர்மட்டம் இவ்வளவு அடி, வரத்து இவ்வளவு கனஅடி, வெளியேற்றம் இவ்வளவு என்று. கூடவே பல நாள் ஒரு வரி இருக்கும்: அணையின் மொத்த உயரம் 120 அடி, அதில் சேறு சகதி 15 அடி கழித்து 105 அடி. சின்ன வயதிலிருந்து இந்த வரியைப் படித்து வளர்ந்த கொங்கு நாட்டுக்காரர்களில் நானும் ஒருவன். பாசனத்துக்குத் தண்ணீர் எவ்வளவு என்று பார்க்கும்போது சேற்றைக் கழிப்பது சரிதான். ஆனால் அணை உடைந்தால் எந்த ஊர் எவ்வளவு மூழ்கும் என்று கணினியில் கணக்குப் போடும்போதும் அதே சேற்றைத் தள்ளிவிட்டு, தெளிந்த தண்ணீரை மட்டும்தான் பெரும்பாலும் ஓடவிடுகிறார்கள். அது சரியில்லை என்று சொல்லத்தான் இந்தக் கடிதம். கொஞ்சம் நீளம்தான், முடிந்தால் வெட்டாமல் போடுங்கள்.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அணை உடையப்போகிறது என்று நான் சொல்லவில்லை, யாரும் இதைப் படித்துவிட்டு அப்படிப் பரப்பவும் வேண்டாம். உடைந்தால் என்ன ஆகும் என்று கணக்குப் போட்டு வைக்கச் சொல்வது சட்டம். அணைப் பாதுகாப்புச் சட்டம் 2021 டிசம்பர் 30 முதல் நடைமுறையில் இருக்கிறது. 15 மீட்டருக்கு மேல் உயரமுள்ள அணைகள் எல்லாம் அதற்குள் வரும், பவானிசாகர், மேட்டூர், அமராவதி, ஆழியாறு எதுவும் தப்பாது. அந்த நாளிலிருந்து 5 ஆண்டுக்குள் ஒவ்வொரு அணைக்கும் அவசரகாலச் செயல்திட்டம் தயாராக வேண்டும், அதாவது 2026 முடிவதற்குள். எந்தப் பகுதி மூழ்கும், அங்கே எத்தனை பேர் இருக்கிறார்கள், எச்சரிக்கை எப்படிப் போகும் என்பதெல்லாம் அதில் இருக்க வேண்டும், வெள்ள வரைபடமும் இருக்க வேண்டும். அந்த வரைபடத்தைப் பற்றித்தான் பேசுகிறேன்.

நான் சிவில் இன்ஜினியரிங் சொல்லிக்கொடுப்பவன். பவானிக்காரன், ஜமக்காளம் நெய்த குடும்பம். மாணவர்களோடு உட்கார்ந்து இந்த மாதிரிக் கணக்குகளைக் கணினியில் ஓட்டிப் பார்ப்பது என் வேலையில் ஒரு பகுதி. அதனால் கேள்விப்பட்டதை வைத்து எழுதவில்லை.

சேறு எங்கிருந்து வரும்? முதலில் அணையிலிருந்தே வரும். பவானிசாகர் மண் அணை, 1955ல் கட்டி முடித்தது, சுமார் 8 கிலோமீட்டர் நீளம், உபரிநீர் போகும் மதகுப் பகுதியைத் தவிர மற்றதெல்லாம் மண் கரைதான். மண் கரை ஒரே நொடியில் பிளந்து விழாது. வயல் வரப்பில் நண்டு வளை வழியாகத் தண்ணீர் கசிய ஆரம்பித்து, கவனிக்காமல் விட்டால் கொஞ்ச நேரத்தில் வரப்பே கரைந்து போகுமே, அதே கதைதான், அளவு மட்டும்தான் வேறு. உடைப்பு எவ்வளவு அகலமாகும், அதற்கு எத்தனை மணி நேரம் ஆகும் என்பதை, உலகத்தில் இதுவரை உடைந்த அணைகளின் பதிவுகளை வைத்து உருவாக்கிய சூத்திரங்களால் சொல்கிறார்கள். அந்த அரித்துப்போன மண் அவ்வளவும் வெள்ளத்தோடு கீழே வரும், ஆனால் வழக்கமான கணக்கில் அது உடைப்போடு மாயமாகிவிடும். இரண்டாவது, மாயாறும் பவானியும் நீலகிரியிலிருந்து கொண்டுவந்து நீர்த்தேக்கத்தில் படியவைத்த வண்டல். அது முழுக்கக் கிளம்பாது, உடைப்புக்குப் பக்கத்தில் இருப்பது இழுபட்டு வரும். மூன்றாவது இடம்தான் பெரும்பாலும் பெரியது: ஆற்றின் படுகை, கரைகள், கரையோர வயல்கள். சத்தியமங்கலத்திலிருந்து கோபிப் பக்கமாகப் பவானி வரை இரண்டு பக்கமும் நெல்லும் வாழையும் மஞ்சளுமாக இருக்கிறதே, அந்த மேல்மண் எல்லாம் வெள்ளம் வாரிக்கொள்ளும் மண்தான்.

சரி, சேறு கலந்தால் என்ன, தண்ணீர் தண்ணீர்தானே என்று கேட்பவர்களுக்கு ஒரு சின்னக் கணக்கு. ஒரு கனமீட்டர் தண்ணீர் 1000 கிலோ. அதில் ஐந்தில் ஒரு பங்கு இடத்தை மண் பிடித்துக்கொண்டால் அதே கனமீட்டர் 1330 கிலோ. அதே வேகத்தில் வந்தாலும் ஒரு சுவரின் மேல் விழும் அடி மூன்றில் ஒரு பங்கு கூடிவிடும். முதலில் வந்து மோதும் அலையின் நேரமும் மாறும், படுகையை அரித்துக்கொண்டே வருவதால் சில இடத்தில் தாமதமாகும், சில இடத்தில் முந்திவிடும். இதைவிட முக்கியம், வேகம் குறைகிற இடத்தில் சேறு படியும். படிந்தால் படுகை உயரும், அப்புறம் குறைந்த தண்ணீர்கூட முன்னைவிட உயரமாக நிற்கும். வேகம் எங்கே குறையும்? பாலத்தில், வளைவில், கட்டடங்கள் நெருக்கமாக இருக்கும் தெருக்களில், இரண்டு ஆறு சேரும் இடத்தில். இது நாலும் ஒரே இடத்தில் இருக்கிற ஊர் எங்கள் பவானி. காவிரியும் நிறைந்து ஓடுகிற நேரத்தில் பவானி ஆற்று வெள்ளம் இரண்டும் சேரும் கூடுதுறைக்கு வந்தால் அதற்குப் போக இடமில்லை, எதிர்த்து நிற்கும், தூக்கிவந்த மண்ணை அங்கேயே இறக்கும். கொஞ்சம் கீழே ஈரோட்டில் வெண்டிபாளையம் கதவணை வேறு இருக்கிறது. தெளிந்த தண்ணீர்க் கணக்கு இந்த இடத்தில் காட்டும் உயரத்தை நான் நம்ப மாட்டேன்.

2022 ஆகஸ்டில் மேட்டூரிலிருந்து சுமார் இரண்டு லட்சம் கனஅடி வந்தபோது பவானியிலும் எதிர்க்கரையில் குமாரபாளையத்திலும் கரையோர வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்தது எல்லோருக்கும் நினைவிருக்கும். அது அணை உடைப்பு அல்ல, ஒழுங்காக அறிவித்து, தண்டோரா போட்டு, ஆட்களை மண்டபங்களில் தங்கவைத்துத் திறந்துவிட்ட தண்ணீர். வடிந்த பிறகு ஒரு தறிக்கூடத்துக்குப் போனேன். ஜமக்காளம் நெய்வது குழித்தறியில், நெய்பவர் குழிக்குள் காலை விட்டு உட்கார்ந்துதான் மிதியை மிதிக்க வேண்டும். அந்தக் குழி விளிம்பு வரை சேறு. மிதிக்கட்டை எங்கே இருக்கிறது என்றே தெரியவில்லை. மேலே இரண்டு விரல் கனத்துக்கு வழுவழுவென்று வண்டல், அதற்குக் கீழே நறநறவென்று மணல், சட்டியால் அள்ளி அள்ளி வெளியே கொட்டிக்கொண்டிருந்தார்கள். பாவு நூலில் சாயத்துக்குப் பதில் செம்மண் நிறம். அங்கே இருந்த பெரியவர் சொன்னார்: "தண்ணி வந்தாப் போயிருமுங்க தம்பி, இந்தச் சேறு எங்க போகுமுங்க?" முறையாகத் திறந்துவிட்ட வெள்ளத்துக்கே இந்தச் சேறு என்றால், ஒரு கரையையே அரித்துக்கொண்டு வரும் வெள்ளம் எவ்வளவு கொண்டுவரும் என்பதைக் கணக்கில் பார்க்காமல் எப்படி விட முடியும்?

வெளியில் நடந்ததைப் பாருங்கள். லிபியாவில் டெர்னா என்ற ஊர், 2023 செப்டம்பர் 10 இரவு, புயல் மழையில் ஊருக்கு மேலே இருந்த இரண்டு அணைகள் அடுத்தடுத்து உடைந்து, ஊரின் நடுப்பகுதியே கடலுக்குப் போய்விட்டது, ஆயிரக்கணக்கில் சாவு. இரண்டு அணையும் சேர்த்துக் கொள்ளளவு சுமார் 24 மில்லியன் கனமீட்டர். நம் கணக்கில் ஒரு டிஎம்சி, அதாவது நூறு கோடி கனஅடிகூட இல்லை! பவானிசாகர் 32.8 டிஎம்சி, அமராவதி 4 டிஎம்சி. குஜராத்தில் 1979 ஆகஸ்ட் 11ல் உடைந்த மச்சூ அணை ஏறக்குறைய அமராவதி அளவுதான், அதன் மண் கரைகள் போய், கீழே சில கிலோமீட்டரில் இருந்த மோர்பி ஊரே சேற்றுக்குள் போனது. எத்தனை பேர் இறந்தார்கள் என்பதில் இன்றுவரை ஒரே எண்ணிக்கை கிடையாது.

சேற்றுக்கு இவற்றைவிட நல்ல சாட்சி சிக்கிம். 2023 அக்டோபர் 4ல் தெற்கு லோனாக் பனிஏரி உடைந்து, அந்த வெள்ளம் சுங்தாங் அணையை அடித்துக்கொண்டு போனது. கீழே சிங்தம், ரங்போ ஊர்களில் தரைத்தளங்கள் மண்ணால் நிரம்பின, பர்தாங்கில் ராணுவ வண்டிகள் சேற்றுக்குள் புதைந்தன. அதோடு முடியவில்லை. அங்கே ஓடும் தீஸ்தா ஆற்றின் படுகை மேடாகிவிட்டதால் அடுத்த ஆண்டு மழைக்காலத்திலேயே தீஸ்தா பஜார் பக்கம் தண்ணீர் ரோட்டுக்கு ஏறியது. வெள்ளம் ஒரு நாள், அது விட்டுப்போன மண் பல வருஷம்.

இப்போது கணினிக் கணக்குக்கு வருகிறேன், ஏனென்றால் "சேற்றையெல்லாம் கணக்குப் போட முடியாது" என்றுதான் எங்கே கேட்டாலும் பதில் வருகிறது. முடியும். ஆழம் குறைந்த நீரோட்டத்துக்கான சமன்பாடுகளை 1871லேயே செயிண்ட் வெனான் என்ற பிரெஞ்சுக்காரர் எழுதிவிட்டார். படுகையில் எவ்வளவு மண் வந்தது, எவ்வளவு போனது, அதனால் தரை எவ்வளவு ஏறியது இறங்கியது என்ற கணக்கை 1920களில் எக்ஸ்னர் என்ற ஆஸ்திரிய அறிஞர் கொடுத்தார். படுகையில் மண் எப்படி உருண்டு நகர்கிறது என்பதை ஆராய்வதற்கே வாழ்நாளைக் கொடுத்தவர்களில் ஒருவர், சார்பியல் சொன்ன ஐன்ஸ்டீனின் மகன் ஹான்ஸ் ஆல்பர்ட் ஐன்ஸ்டீன். இதெல்லாம் புது விஷயமே இல்லை. இன்று இவற்றைச் சேர்த்துப் போடும் மென்பொருள்கள் இலவசமாகவே கிடைக்கின்றன. அமெரிக்க ராணுவப் பொறியாளர் படை வெளியிடும் ஹெக்-ராஸ் மென்பொருளை நம் நாட்டில் அணை உடைப்புக் கணக்குக்குப் பரவலாகப் பயன்படுத்துகிறோம், 2021ல் வந்த அதன் ஆறாவது பதிப்பில் சேறும் சகதியுமாக ஓடும் வெள்ளத்துக்கே தனி வசதி வந்துவிட்டது. பொத்தான் இருக்கிறது, அழுத்த ஆள் வேண்டும், கொடுக்கத் தரவு வேண்டும்.

ஊருக்குள் கணக்குப் போடுவது மட்டும் உண்மையிலேயே கஷ்டம், அதை மறைக்க விரும்பவில்லை. கணினி நிலத்தைச் சின்னச் சின்னக் கட்டமாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்திலும் ஆழம், வேகம், மண்ணின் அளவு என்று கணக்கிட்டுக்கொண்டே போகும். இலவசமாகக் கிடைக்கும் செயற்கைக்கோள் நிலமட்டத் தரவில் ஒரு கட்டம் 30 மீட்டர். பவானியிலோ சத்தியமங்கலத்திலோ பழைய தெருவின் அகலம் என்ன? ஐந்து மீட்டர் இருந்தால் பெரிது. ஒரு கட்டத்துக்குள் இரண்டு வரிசை வீடும், தெருவும், சாக்கடையும் காணாமல் போய்விடும், கணினிக்கு அந்த இடம் ஒரே மேடாகத் தெரியும். உண்மையில் வெள்ளம் ஊருக்குள் வந்தால் தெருக்கள்தான் வாய்க்கால். வீட்டுச் சுவரில் மோதித் தண்ணீர் எழும்பும், மூலைகளில் சுழன்று அஸ்திவாரத்துப் பக்கம் குழி பறிக்கும், வீட்டின் பின்புறத்தில் மண்ணைக் குவிக்கும். இதெல்லாம் தெரிய வேண்டுமானால் கட்டம் 2, 3 மீட்டருக்கு இறங்க வேண்டும். 30 மீட்டர் கட்டத்தை 3 மீட்டராக்கினால் கட்டங்கள் நூறு மடங்கு, கணக்கை ஒவ்வொரு முறையும் முன்னே நகர்த்தும் கால இடைவெளியும் பத்தில் ஒன்றாகக் குறைய வேண்டும், ஆக வேலை ஆயிரம் மடங்கு. முன்பு இதைச் சொன்னால் சிரித்திருப்பார்கள். இப்போது பசங்க விளையாட்டுக்கு வாங்குகிற கிராபிக்ஸ் கார்டிலேயே இந்தக் கணக்கை ஓட்டலாம். ஆற்றுவழி முழுக்கப் பெரிய கட்டம் போதும், சத்தியமங்கலம், பவானி, குமாரபாளையம், ஈரோட்டுக் கரையோரம் மட்டும் சின்னக் கட்டம், அவ்வளவுதான்.

மண் நகர்வுச் சூத்திரங்கள் துல்லியமானவை அல்ல என்ற வாதமும் உண்மைதான். கிடைக்கும் விடை நிஜத்தின் பாதிக்கும் இரண்டு மடங்குக்கும் நடுவில் விழுந்தாலே இந்தத் துறையில் அதை நல்ல விடை என்பார்கள். ஆனால் அதற்காக மண்ணே இல்லை என்று வைத்துக்கொள்வது எந்த ஊர் நியாயம்? குறைந்தது, நடுத்தரம், அதிகம் என்று மூன்று விதமாக ஓட்டி, மூன்று கோடு போட்ட வரைபடம் கொடுக்கலாம். ஓட்டுகிற முறை சரிதானா என்று பார்க்கவும் நடந்த சம்பவங்கள் இருக்கின்றன. கனடாவின் கியூபெக்கில் 1996 ஜூலை மழையில் ஹா! ஹா! ஏரியின் மண் கரை ஒன்று உடைந்து, கீழே ஆறு பழைய வழியை விட்டுப் புது வழியே வெட்டிக்கொண்டு போனது. முன்னும் பின்னும் நிலம் எப்படி இருந்தது என்ற அளவுகள் இருப்பதால் உலகம் முழுக்க ஆராய்ச்சியாளர்கள் தங்கள் கணக்கை அதில் உரசிப் பார்க்கிறார்கள்.

கொங்கில் இன்னொரு தனிக் கவலை, நொய்யல் ஆறு. ஒரத்துப்பாளையம் அணை 1990களின் தொடக்கத்தில் பாசனத்துக்கென்று கட்டி, சில வருஷத்திலேயே திருப்பூர்ச் சாயக்கழிவு தேங்கும் இடமாகிப் போன கதையை இங்கே யாருக்கும் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. 2011 ஜனவரியில் உயர்நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டது வரை போன விவகாரம். நொய்யல் படுகையில் படிந்திருக்கும் சேறு வயலுக்கு வந்தால் உரமாகிற வண்டல் அல்ல, உப்பும் ரசாயனமும் ஊறிய மண். பெருவெள்ளம் அதைக் கிளறினால் எந்த வயலில், எந்தக் கிணற்றடியில் கொண்டுபோய்ப் போடும் என்பதையும் மண்ணைச் சேர்த்துப் போட்ட கணக்கு ஒன்றுதான் சொல்ல முடியும். சின்ன அணை, அங்கே தண்ணீர் அளவு பயமில்லை என்று விட்டுவிடக் கூடாது.

பவானி ஆற்றில் மேலே இருக்கும் மேட்டுப்பாளையத்தையும் நினைக்க வேண்டும். பில்லூர் அணைக்கும் பவானிசாகருக்கும் நடுவில் இருக்கும் ஊர். டெர்னாவில் மேல் அணை உடைந்த வெள்ளம்தான் கீழ் அணையையும் கொண்டுபோனது, புனேயில் 1961 ஜூலையில் பான்ஷெட் அணை உடைந்து கடக்வாஸ்லா அணையும் போனது அதே விதம். ஆகவே ஒவ்வொரு அணைக்கும் தனித்தனியாகக் கோப்பு போடாமல், ஆறு முழுவதற்கும் ஒரே கணக்காக ஓட்ட வேண்டும்.

கெடு நெருங்கும் இந்த நேரத்தில் நீர்வளத்துறையிடம் நான் கேட்பது இதுதான். நீர்த்தேக்கங்களில் படகில் எதிரொலிக் கருவி வைத்து அடியில் இப்போது எவ்வளவு வண்டல் இருக்கிறது என்று அளந்து, அந்த அளவை வெளியிடுங்கள். 15 அடி என்பது பழைய வழக்கமாகவே நின்றுவிட வேண்டாம். படுகையிலும் கரையிலும் மண் எடுத்துச் சலித்து, துகள் அளவைப் பாருங்கள், மணலா களிமண்ணா என்பதைப் பொறுத்துத்தான் எவ்வளவு தூரம் போகும் என்பது இருக்கிறது. தெளிந்த தண்ணீராக ஒரு தடவை, சேற்றோடு ஒரு தடவை ஓட்டி, இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டுங்கள். நீர்மட்டத்தோடு நிறுத்தாமல், வடிந்த பிறகு எந்த ரோட்டில் எவ்வளவு மண் கிடக்கும் என்பதையும் குறியுங்கள். ஆம்புலன்ஸும் ஜேசிபியும் எந்த வழியாக உள்ளே வர முடியும் என்பது அதில்தான் தெரியும். பவானி, காவிரிக் கரையில் இருக்கும் கூட்டுக்குடிநீர் நீரேற்று நிலையங்களைக் கட்டாயம் குறியுங்கள். உறிஞ்சு கிணற்றில் சேறு அடைத்துவிட்டால் ஒரு சொட்டுக்கூட மூழ்காத மேட்டு ஊர்க்காரர்களுக்கும் குடிக்கத் தண்ணீர் இருக்காது, இதை எந்த வெள்ள வரைபடத்திலும் நான் பார்த்ததில்லை.

பிறகு அந்த வரைபடத்தைத் தமிழில், தெருப் பெயரோடு, நகராட்சி அலுவலகத்திலும் பள்ளிக்கூடத்திலும் ஒட்டுங்கள். மக்கள் பயந்துவிடுவார்கள் என்று சொல்லிப் பூட்டி வைக்காதீர்கள். 2022 செப்டம்பரில் பரம்பிக்குளத்தில் ஒரு ஷட்டர் சங்கிலி அறுந்து பெயர்ந்துபோய், நடுராத்திரியில் தண்ணீர் பீறிட்டுக்கொண்டு போனது. எச்சரித்து வைக்க நேரம் இல்லாத சம்பவங்கள் நம் அணைகளிலும் நடக்கும் என்பதற்கு அதுவே போதும். ஆடி 18க்குக் கூடுதுறையில் கூடும் கூட்டத்துக்கு எந்தப் பக்கம் ஓடினால் மேடு என்று தெரிந்திருப்பதில் யாருக்கு என்ன நஷ்டம்?

தரவு சேர்க்க ஆள் இல்லை, காசு இல்லை என்றால் அதற்கும் வழி இருக்கிறது. கோவையிலிருந்து ஈரோடு வரை பொறியியல் கல்லூரிக்குப் பஞ்சமில்லை. தெரு அகலம், வீட்டுப் படியின் உயரம், சாக்கடைச் சரிவு, பாலத்தின் கண் அளவு இதெல்லாம் மாணவர்கள் ஒரு பருவத்தில் அளந்துவிடக் கூடியவை. என் மாணவர்கள் பவானி நகரத்தை எடுத்துக்கொள்ளத் தயாராக இருக்கிறார்கள். கரையோர வார்டுகளில் அளக்க அனுமதியும், அணையின் கொள்ளளவு அட்டவணையும் ஆற்றின் குறுக்குவெட்டு அளவுகளும் துறையிலிருந்து கொடுத்தால் போதும், அடுத்த வாரமே அளவு நாடாவோடு கிளம்பிவிடுவோம்.

இப்படிக்கு,
சிவில் இன்ஜினியரிங் ஆசிரியர் ஒருவர்,
பவானி, ஈரோடு மாவட்டம்.